ஈயக் குட்டையில் கொக்குகள் விசித்திரமாக நடந்துகொண்டால் முதலில் எதைப் பார்ப்பது?

மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து (இன்றைய பெஸ்தாரி ஜெயா) ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தோட்டத்தில் பழைய லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஈயக் குட்டை இருக்கிறது. வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி உண்டான குட்டை அது. சில வாரங்களாக அங்கே வரும் நீர்ப்பறவைகள் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்கின்றனவாம். ஒரு வெள்ளைக் கொக்கு ஒற்றைக் காலை நடுங்க நடுங்க அசைக்கிறது. பிறகு இறக்கையைப் பாதி விரித்துக்கொண்டு கரையோரம் தாறுமாறாக ஓடுகிறது. உச்சி வெயிலில் ஒரு பெரிய நாரை இறக்கைகளைத் தாழ்த்தி விரித்தபடி அசையாமல் நிற்கிறது. மஞ்சள் அலகுள்ள வேறு நாரைகளின் கால்கள் வெள்ளையாகப் படிந்திருக்கின்றன. ஒருநாள் விடியற்காலையில் குட்டையின் ஒரே மூலையில் ஏராளமான கொக்குகள் கூடின. மறுநாள் ஒன்றுகூட இல்லை. அதற்கடுத்த நாள்களில் ஒரு வக்கா கழுத்தைத் தூக்க முடியாமல் கரையில் கிடந்தது. மறுநடவு செய்த இடத்திலிருந்து ஓர் ஆள்காட்டிக் குருவி திரும்பத் திரும்ப வந்து வயிற்றை மட்டும் நனைத்துக்கொண்டு போகிறது. வீட்டில் பாட்டி இதைக் கெட்ட சகுனம் என்கிறார். இது நோயா, நஞ்சா, அல்லது பறவைகளின் இயல்புதானா என்பது அவருடைய கேள்வி.

தம்பி, நீங்கள் எழுதியதில் பெரும்பகுதி இயல்பானது. கொக்கின் ஓட்டம், நாரை வெயில் காய்வது, வெள்ளைக் கால்கள், ஆள்காட்டியின் வயிறு ஆகியவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆனால் விடியற்காலைக் கூட்டமும் கழுத்துத் தொங்கிய வக்காவும் அப்படியில்லை. இரண்டும் ஒரே குட்டையில் அடுத்தடுத்து நடந்திருப்பதால், அவற்றைத் தனித்தனியாக வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நீர்ப்பறவை புதிதாக எதையாவது செய்தால் நான் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பேன். கொக்கு தன் விருப்பத்துக்கு விநோதம் செய்யும் பறவை இல்லை. மீன் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, வெயில் எவ்வளவு, இவைதான் அதன் நடத்தையைத் தீர்மானிக்கின்றன. ஆகவே அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வக்கா இரவில் இரை தேடும் பறவை. குஞ்சுகளுக்குத் தீனி தேட வேண்டிய காலத்தில் பகலிலும் வரும். அதனால் பகலில் வக்காவைப் பார்த்தது மட்டும் ஒரு அறிகுறி ஆகாது. கழுத்துத் தொங்குவதுதான் அறிகுறி. இப்படிப்பட்ட பறவையைக் கண்டால் மூன்று காரணங்களை மனத்தில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பொட்டுலிசம். ஆக்சிஜன் இல்லாத, சூடான, அழுகும் பொருளில் வளரும் ஒரு கிருமி வெளியிடும் நஞ்சு இது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை இந்த நஞ்சு தடுத்துவிடும். முதலில் பறக்க முடியாது. பிறகு நடக்க முடியாது. கண்ணின் உள்ளிமை பாதி மூடியே நிற்கும். கடைசியில் கழுத்துத் தொங்கி, தலை தண்ணீரில் விழுந்து, பறவை மூழ்கியே சாகும். நடுக்கமோ வலிப்போ இருக்காது. உடல் தளர்ந்துகொண்டே போகும். செத்த மீனிலும் பறவையிலும் ஈ மொய்த்து, புழு வைத்து, அந்தப் புழுவில் நஞ்சு சேர்கிறது. அதைத் தின்ற அடுத்த பறவையும் விழுகிறது. அதனால்தான் இந்த நோய் ஒன்றில் தொடங்கிப் பலவற்றுக்குப் பரவுகிறது. செத்தவற்றை அப்புறப்படுத்துவதே அந்தச் சங்கிலியை அறுக்கும் வழி.

இரண்டு, பூச்சிமருந்து. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகள் வேலை செய்யும் விதம் நேர்மாறானது. அவை நரம்புகளை ஓயாமல் தூண்டிவிடும். பறவை நடுங்கும், வாயில் நீர் ஒழுகும், கண்ணின் கருவிழித் துளை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், விரல்கள் இறுகிக்கொள்ளும், வலிப்பு வரும். தளர்ச்சியா, நடுக்கமா என்று மட்டும் கவனித்தாலே இந்த இரண்டில் எது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

மூன்று, பறவைக் காய்ச்சல். தலை ஒரு பக்கமாகத் திருகிக்கொள்வது, ஒரே இடத்தில் சுற்றுவது, தள்ளாடுவது ஆகியவை அதன் நரம்பு அறிகுறிகள். நம் நாட்டில் 2004இல் கிளந்தானில் கோழிகளிடையே இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. உங்கள் வக்காவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தூரத்திலிருந்து பார்த்து இல்லை என்றும் சொல்ல முடியாது என்பதால், எச்சரிக்கை முழுமையாக இருக்க வேண்டும்.

செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளையும் லயத்து நாய்களையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். வீட்டில் வளர்க்கும் கோழி, வாத்துகளைக் குட்டைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். அந்தக் குட்டையில் பிடித்த மீனைச் சில காலம் சமைக்க வேண்டாம். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கும் மாவட்டக் கால்நடைச் சேவைத் துறைக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகள் விழுந்திருந்தால், எண்ணிக்கையை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அதுதான் அவர்களை விரைவில் வர வைக்கும். அவர்கள் மாதிரி எடுக்கும் முன் நீங்களாகப் புதைத்துவிடாதீர்கள், காரணமும் சேர்ந்து புதைந்துவிடும்.

பறவை உயிரோடு இருந்து, அதிகாரிகள் வரத் தாமதமானால், கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொண்டு ஒரு துண்டால் மூடிப் பிடித்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் நிழலில் வைக்கலாம். அப்போது உங்கள் கண்களைக் காத்துக்கொள்ளுங்கள். கொக்கு, நாரை, வக்கா எல்லாமே பயந்தால் நேராகக் கண்ணைத்தான் குத்தும். சாகக் கிடக்கும் பறவைகூட அந்த ஒரு குத்துக்குப் பலம் வைத்திருக்கும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். வளர்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமமின்றி வைத்திருப்பது குற்றம்.

இனி அந்த விடியற்காலைக் கூட்டம். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது இதுதான்.

தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் பகலில் பாசியும் நீர்ச்செடியும் வெயிலில் உண்டாக்குவதால் கூடும். இரவில் அந்த உற்பத்தி நின்றுவிடும், ஆனால் அவற்றின் சுவாசம் நிற்காது. அதனால் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும் நேரம் விடியலுக்குச் சற்று முன்புதான். குட்டையில் ஏற்கெனவே குறைபாடு இருந்தால், அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். கொக்குக்கு அதைவிட எளிதான இரை கிடையாது. கூட்டமாகப் பறந்து போகும் கொக்குகள் கீழே இறங்கி நிற்கும் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துத் தாமும் இறங்கும். அரை மணி நேரத்தில் ஒரு மூலை முழுவதும் வெள்ளையாகிவிடும். வெயில் ஏறி மீன்கள் கீழே போனதும் கூட்டம் கலைந்துவிடும். மறுநாள் அங்கே மீன் செத்து முடிந்திருந்தாலோ நிலைமை சீராகியிருந்தாலோ ஒரு கொக்கும் வராது. நீங்கள் எழுதியது இதற்கு அப்படியே பொருந்துகிறது.

ஆக்சிஜன் ஏன் குறைந்தது? ஈயக் குட்டைக்கு இதில் ஒரு தனிக்குணம் உண்டு. ஈயம் தோண்டிய பள்ளம் ஆதலால் கரையிலிருந்து ஓரிரு அடியிலேயே செங்குத்தாக ஆழமாகிவிடும். ஆழ்ந்த குட்டையில் மேல் தண்ணீர் வெயிலில் சூடாகி மேலேயே நிற்க, அடித்தண்ணீர் குளிர்ந்து, காற்றுப்படாமல், ஆக்சிஜன் அற்றுப்போய்க் கிடக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் நம் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை பலமாகக் கொட்டும் அல்லவா? அந்தக் குளிர்ந்த மழைநீரும் காற்றும் மேல் தண்ணீரைக் குளிரவைத்துப் புரட்டிவிட்டால், அடியில் கிடந்த கெட்ட தண்ணீர் மேலே வந்து கலந்துவிடும். யாரும் எதையும் கொட்டாமலேயே மீன் சாகும். ஆகவே அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள் கனமழை பெய்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

மழை இல்லையென்றால் வேறு காரணங்களைத் தேட வேண்டும். செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) போட்ட உரம் ஓடைவழி வந்து சேர்ந்தால் பாசி பெருகும். பிறகு அந்தப் பாசி செத்து அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆகாயத்தாமரை குட்டையை மூடிவிட்டாலும் இதே கதைதான். இன்னொரு சாத்தியம் எண்ணெய் ஆலைக் கழிவுநீர். தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்கக் கிருமிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்பதை ஆலைக்காரர்கள் பி.ஓ.டி. என்ற அளவால் குறிப்பார்கள். சுத்திகரிக்காத செம்பனை ஆலைக் கழிவில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம் இருக்கும். வீட்டுச் சாக்கடை நீரில் சில நூறுதான். 1977இல் கொண்டுவந்த விதிகள் இதைப் படிப்படியாகக் குறைத்து, 1984இலிருந்து ஆற்றில் விடும் நீருக்கு 100 மில்லிகிராம் என்று வரையறுத்தன. அதனால் ஆலைகள் வரிசையாகக் குளங்கள் வெட்டி, கழிவைத் தேக்கிச் சுத்தப்படுத்துகின்றன. அந்தக் குளத்தின் கரை மழையில் உடைந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. பழுப்பு நிறம், புளித்த வாடை, மேலே எண்ணெய்ப் படலம் ஆகியவை தெரிந்தால் சுற்றுச்சூழல் துறைக்கு எழுதலாம். நிறமும் வாடையும் இல்லாமல் யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். தோட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த நிதானம் மிக அவசியம்.

எந்த மீன் செத்தது என்று பாருங்கள். இதை யாரும் அதிகம் சொல்வதில்லை, ஆனால் கரையில் நின்றபடியே நீங்கள் செய்யக்கூடிய மிக நல்ல சோதனை இது. ஹருவான், கெலி, புயு ஆகிய மூன்றும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கக்கூடிய மீன்கள். திலாப்பியாவும் லம்பாமும் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையே நம்பியிருப்பவை. செத்து மிதப்பது திலாப்பியாவும் லம்பாமும் மட்டும் என்றால் ஆக்சிஜன் குறைபாடு என்று கொள்ளலாம். ஹருவானும் கெலியும் சேர்ந்து மிதந்தால் நான் நஞ்சைச் சந்தேகிப்பேன். யாராவது மீனைக் கொல்லும் துபா வேரை நசுக்கிக் கலந்திருக்கலாம், மருந்துக் கலன் கழுவிய தண்ணீர் வந்திருக்கலாம். கரண்ட் வைத்து மீன் பிடிக்கிறவர்கள் வந்து போனாலும் மயங்கிய மீன்களுக்காகக் கொக்குகள் கூடும். நஞ்சும் மின்சாரமும் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டவை.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மீன்கள் திணறின, சில செத்தன, கரையில் ஒதுங்கி அழுகின, சில நாளில் ஒரு வக்கா தளர்ந்து விழுந்தது. இந்த வரிசை பொட்டுலிசத்துக்குப் பொருந்தும். மீனைக் கொன்றதே நஞ்சாக இருந்தால் வக்காவின் நிலைக்கும் அதுவே காரணமாகலாம். கரையில் ஒதுங்கிய மீன்களை நீண்ட கம்பு வலையால் எடுத்து ஆழமாகப் புதைக்கும்படி தோட்ட அலுவலகத்தில் கேளுங்கள். சோதனைக்குச் சிலவற்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் புதைக்க வேண்டும். நீங்களே இறங்காதீர்கள். ஈயக் குட்டையின் கரை மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் கீழே குழைந்த சேறு. சரிந்தால் பிடித்து ஏற எதுவும் இருக்காது.

கவலைக்குரியது இத்துடன் முடிந்தது. மற்றவை பார்த்து மகிழ வேண்டியவை.

ஒற்றைக் காலை நடுங்க வைக்கும் அந்த வெள்ளைக் கொக்கின் அலகு கறுப்பாகவும் விரல்கள் மஞ்சளாகவும் இருந்திருந்தால் அது சின்னக் கொக்கு. காலை அசைத்து அடிச்சேற்றைக் கலக்கும். ஒளிந்திருக்கும் இறாலும் சிறு மீனும் கலங்கி வெளியே ஓடும். அந்தக் கணத்தில் கொத்திவிடும். நடுக்கம் காலில் மட்டும் இருக்கிறது, தலை அசையாமல் இருக்கிறது, கண் தண்ணீரிலேயே இருக்கிறது என்றால் அது நோயில்லை, வேலை. நோயுற்ற பறவையின் நடுக்கம் உடல் முழுவதும் பரவியிருக்கும். அது எதையும் பார்த்துக்கொண்டிருக்காது.

அதற்குப் பிறகு வந்த ஓட்டமும் அதே வேட்டைதான். கொக்கு என்றாலே ஒற்றைக் காலில் தவம் செய்யும் பறவை என்று நாம் பழகிவிட்டோம். பெரிய வெள்ளைக் கொக்குக்கு அது பெரும்பாலும் பொருந்தும். சின்னக் கொக்கு அப்படியில்லை. நிற்கும், நடக்கும், ஓடும், துள்ளும், இறக்கையைத் திடீரென்று விரித்து மீனை மிரட்டும். எந்த முறையில் இரை கிடைக்கிறதோ அதற்கு மாறிக்கொள்ளும். ஆப்பிரிக்காவில் ஒரு கறுப்புக் கொக்கு இறக்கைகளைத் தலைக்கு மேல் குடை போலக் கவிழ்த்து, அந்த நிழலுக்குள் மீனைத் தேடும். நம் குட்டைகளில் அந்த இனம் இல்லை. ஆனால் இறக்கையைப் பயன்படுத்தி மீனை ஏமாற்றும் வழக்கம் கொக்குக் குடும்பத்தில் பரவலாக இருக்கிறது.

உங்கள் குட்டையில் இந்த ஓட்டமும் துள்ளலும் அதிகமாகத் தெரிவதற்கு அந்தச் செங்குத்தான கரையே காரணம் என்று நான் நினைக்கிறேன். வயலில் கொக்குக்கு நிற்க இடம் பரந்து கிடக்கிறது. ஈயக் குட்டையில் கால் வைக்கக்கூடிய ஆழம் கரையோரம் ஒரு சிறு பட்டை மட்டுமே. அந்தப் பட்டையில் நாலைந்து கொக்குகள் நின்றால் இடத்துக்குச் சண்டை வரும். ஒன்றை ஒன்று துரத்தும், கொண்டை இறகைச் சிலிர்க்கும். இடம் கிடைக்காத கொக்கு ஆகாயத்தாமரைத் திட்டின் மேல் நின்று மீன் பிடிக்கும், அல்லது பறந்தபடியே தண்ணீரின் மேல் தாழ்ந்து கொத்தும். தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்களில் அறுவடை முடிந்து தண்ணீர் வடிந்த பிறகு அங்கிருந்து எழும் கொக்குகள் சுற்றுவட்டாரக் குட்டைகளுக்கும் வரலாம். அப்போது நெரிசல் கூடும். நீங்கள் சொல்லும் சில வாரங்கள் வயல் காய்ந்திருந்த காலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

கரையோரக் கிளையில் குனிந்து உட்கார்ந்திருக்கும் சிறிய பச்சைக் கொக்கையும் தேடிப் பாருங்கள். பழுத்த மட்டை நிறத்தோடு கலந்துவிடும் என்பதால் எளிதில் கண்ணில் படாது. ஜப்பானில் குமமோட்டோ நகரத்துப் பூங்கா ஒன்றில் இந்த இனத்துக் கொக்குகள் பூச்சி, ரொட்டித் துண்டு, இறகு ஆகியவற்றைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அவற்றைத் தேடி வரும் மீனைப் பிடிப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தூண்டில் போடத் தெரிந்த பறவை. நம் ஊரில் பசியாறிவிட்டு மீதி ரொட்டியைக் குட்டையில் வீசுகிறவர்கள் உண்டு. அதை ஒரு பச்சைக் கொக்கு எடுத்து வேறிடத்தில் வைப்பதைப் பார்த்தால் உடனே படம் பிடியுங்கள், அது மிக அரிய பதிவாகும். அதற்காக நீங்கள் வேண்டுமென்றே ரொட்டி போடாதீர்கள். பறவைக்கும் தண்ணீருக்கும் அது நல்லதில்லை.

தலையை ஒரு பக்கம் சாய்ப்பதும் கழுத்தை இடமும் வலமும் ஆட்டுவதும்கூடப் பலரைப் பயமுறுத்துகின்றன. தண்ணீருக்குள் இருக்கும் மீன் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு உண்மையான இடத்தில் தெரியாது. ஒளி வளைந்து வருவதால் சற்று மேலே தெரியும். கொக்கு அந்தப் பிழையைச் சரிசெய்துதான் கொத்துகிறது. சோதனைகளிலும் இது தெளிவாகியிருக்கிறது. கழுத்தாட்டம் தூரத்தைக் கணிக்க உதவுகிறது என்று கருதப்படுகிறது. பறவைக் காய்ச்சலில் வரும் திருகலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வேட்டையாடும் கொக்கின் ஆட்டம் கொத்தியதும் நின்றுவிடும்; நோயின் திருகல் நிற்காது.

கெலி மீனைப் பிடித்த கொக்கு அதைக் கரைக்குக் கொண்டுவந்து தரையில் அடித்து, குத்தி, உதறுவதையும் நீங்கள் பார்த்திருக்கக்கூடும். முள்ளை அடக்காமல் விழுங்கினால் தொண்டையில் சிக்கும். விலாங்கு பிடித்த பிறகு தலையை மார்பில் தேய்ப்பதற்கும் காரணம் உண்டு. கொக்குக் குடும்பத்துக்கு மார்பில் பொடியாக உதிரும் ஒருவகை இறகு இருக்கிறது. வழவழப்பான கோழை அந்தப் பொடியில் ஒட்டிக்கொண்டதும், நடுவிரலில் சீப்புப்பல் அமைந்த நகத்தால் வாரி எடுத்துவிடும். எனக்கு இந்தப் பறவைகள் மேல் பெருமதிப்பு வந்ததே இந்த நகத்தைப் பற்றித் தெரிந்த பிறகுதான்.

உச்சி வெயிலில் இறக்கையைத் தாழ்த்தி விரித்து நின்றது செந்நாரையாகவோ சாம்பல் நாரையாகவோ இருக்கும். இறக்கை உள்பக்கம் வெயில் படும்படி திருப்பி, நீண்ட நேரம் அப்படியே நிற்கும். இறகில் ஒட்டிய பேனை வெயிலால் விரட்டுவதற்கு என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். உடல் சூட்டைத் தணிக்க என்று மறுசாரார் சொல்கிறார்கள். இரண்டும் இருக்கலாம் என்பது என் எண்ணம். கூடவே தொண்டை படபடவென்று துடித்திருக்கும். பறவைக்கு வியர்வை கிடையாது. தொண்டையின் ஈரத்தை ஆவியாக்கித்தான் குளிர்ந்துகொள்ளும். நாய் நாக்கைத் தொங்கப்போடுவதற்கும் இதற்கும் நோக்கம் ஒன்றே. கிட்டே போனதும் இறக்கையை மடக்கிக்கொண்டு பறந்துவிட்டால் பறவை நலமாக இருக்கிறது.

வெள்ளைக் கால்கள் கொண்ட மஞ்சள் அலகு நாரைகள் வேறு குடும்பம். பறக்கும்போது கழுத்தை நேராக நீட்டியிருந்தனவா என்று நினைத்துப் பாருங்கள். கொக்கும் செந்நாரையும் கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும். நேராக நீட்டிப் பறந்திருந்தால் அவை மஞ்சள் மூக்கு நாரைகளாகவோ, மலாயில் புருங் போத்தாக் உப்பே எனப்படும் பால்வண்ண நாரைகளாகவோ, இரண்டும் கலந்தவையாகவோ இருக்கலாம். உலு கிள்ளானில் உள்ள தேசிய விலங்ககத்தில் கட்டுப்பாடின்றிப் பறக்கும் மஞ்சள் மூக்கு நாரைகள் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஏரிகளுக்குப் போய் வருவது வழக்கம். இந்தக் குடும்பத்துப் பறவை வெயில் தாங்காதபோது தன் கால்களின் மேலேயே நீராக எச்சம் கழிக்கும். ஈரம் ஆவியாகும்போது கால் குளிரும், காலில் ஓடும் ரத்தமும் குளிரும். காய்ந்த எச்சம் சுண்ணாம்பாகத் தங்கிவிடுகிறது. கொக்குகள் இதைச் செய்வதில்லை.

இதே நாரைகள் அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்தபடி மெதுவாக நடப்பதைப் பார்த்தால் கண் தெரியவில்லையோ என்று தோன்றும். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை என்பதால் அவை தொடுவுணர்வால் வேட்டையாடுகின்றன. அமெரிக்காவில் வாழும் இவற்றின் உறவினமான மர நாரை, மீன் பட்ட கணத்திலிருந்து அலகை மூட எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்திருக்கிறார்கள்: ஒரு நொடியை நாற்பதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து இதைப் பற்றித்தான் எழுதுவீர்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன். செம்பனைக் காட்டுக்கு மேல் கழுகுக் கூட்டம் வட்டமிடுகிறது என்று யாராவது சொன்னால் தொலைநோக்கியை எடுங்கள். அவை நத்தை குத்தி நாரைகளாக இருக்கக்கூடும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வடக்கிலிருந்து தீபகற்ப மலேசியாவுக்குப் பெருங்கூட்டங்களாக வரத் தொடங்கிய பறவை இது. சிங்கப்பூரில் 2013இல்தான் முதன்முதலாகக் காணப்பட்டது. இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகளை ஓடைக்கரைச் செடிகளில் ஒட்டிவிட்டுப் போகும் அந்தத் தங்க நத்தைதான் இதன் விருப்ப உணவு. வயல்காரர்களுக்குப் பெரும் தொல்லையான நத்தையைத் தின்பதால் இதை விரட்டாமல் இருக்கச் சொல்லுங்கள். அலகின் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்து அடிபட்ட பறவை என்று நினைத்துவிடவும் வேண்டாம். குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும்.

இனிமேல் பார்ப்பதை எழுதி வையுங்கள். பறவை என்ன செய்தது என்பதோடு, நேரம், முந்தின நாள் மழை, தண்ணீரின் நிறம், வாடை, நீர்மட்டம், மேலே மீன் திணறியதா, அருகில் நீர்நாய் இருந்ததா என்பவற்றையும் குறியுங்கள். நீர்நாய்க் கூட்டம் மீனைக் கலைத்துக்கொண்டு போகும்போது கொக்குகள் பின்னாலேயே ஓடும். நீர்நாய் கண்ணில் படாவிட்டால் அந்த ஓட்டத்துக்குப் பொருளே விளங்காது. காரிலோ மோட்டாரிலோ உட்கார்ந்தபடி பார்ப்பது நல்லது, நடந்து வரும் மனிதனுக்குத்தான் பறவை அஞ்சும். ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மலேசிய இயற்கைக் கழகத்தின் வழியாக அதில் நீங்களும் சேரலாம். கடற்கரைச் சேற்றுவெளிகளுக்குப் போக ஆள் இருக்கிறார்கள். தோட்டத்துக் குட்டைகளைப் பார்க்க ஆள் போதவில்லை என்பது என் நெடுநாள் குறை.

பாட்டியிடம் சகுனம் இல்லை என்று வாதாட வேண்டாம். அவர் ஏதோ சரியில்லை என்று உணர்ந்தது உண்மைதான். அந்த விடியற்காலைக் கூட்டத்தைப் போல அவர் இளமையில் எப்போதாவது பார்த்தாரா, அப்போது ஈயம் வாரும் கப்பல் ஓடிக்கொண்டிருந்ததா, பால்மரம் (ரப்பர்) இருந்த காலமா, செம்பனை வந்த பிறகா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குட்டையின் பழைய நிலையை அறிந்தவர்கள் இனி அதிகம் பேர் இல்லை.

கடைசியாக அந்த ஆள்காட்டி. அது வெட்டவெளியில், கூடு என்று சொல்ல முடியாத ஒரு சிறு பள்ளத்தில் முட்டையிடும் பறவை. மறுநடவுக்காகச் சாய்த்த இடத்தில் நிழல் ஏது? மண் சூடேறி முட்டை வெந்துவிடும் என்பதால், வயிற்று இறகை நனைத்துக்கொண்டு போய் முட்டை மேல் அமர்ந்து குளிர்விக்கிறது. ஆணும் பெண்ணும் மாறி மாறிச் செய்யும். நனைத்துக்கொண்டு எந்தத் திசையில் போகிறது என்று தூரத்திலிருந்து பார்த்தால் முட்டை இருக்கும் வரிசை தெரிந்துவிடும். கிட்டே போகாமல், அந்த வரிசையின் இரு முனையிலும் ஒரு சிவப்புத் துணி கட்டிய குச்சியை நட்டு, டிராக்டர் ஓட்டும் அண்ணனிடமும் மருந்தடிக்கும் குழுவின் மேற்பார்வையாளரான மண்டோரிடமும் நான்கு வாரங்கள் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.